கைதட்டல் வாங்கிய குடிசை

பதுளை டவுனில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், செத்தவர்களுக்குச் சட்டம் போடும் படம் என்று எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. ஆனால் 'அந்தக் காலம் மாதிரி ஒரு படம் வேணும்' என்று யாராவது வாயைத் திறந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சங்கத் தலைவர்தான் அதற்குக் காரணம்.

நம் முன்னோர் கடல் தாண்டி, காடு கடந்து நடந்தே இந்த மலைக்கு வந்த கதையைத் தோட்டத்து மைதானத்தில் நடித்துக் காட்டப் போகிறார்களாம். கொழும்பிலிருந்து பெரிய ஐயா ஒருவர் பார்க்க வருகிறாராம். படமெடுக்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பார்த்தா வெள்ளக்காரன் காலத்துப் படம் மாதிரி இருக்கணும். தேத்தண்ணிய ஊத்துன மாதிரி பழுப்பா வேணும். ஒருத்தர் பல்லும் தெரியக் கூடாது."

சரி என்று போனேன். போய்ப் பார்த்தால் அங்கே கூலியாக நடிக்க ஓர் ஆள் இல்லை. ஆண்கள் எல்லாருக்கும் ஆள்பிடித்து வந்த கங்காணி வேஷம்தான் வேண்டும். கோட்டு, தலைப்பாகை, குடை என்று அத்தனை மிடுக்கும் அதில்தானே இருக்கிறது! ஒவ்வொருவருடைய பூட்டனும் கங்காணியாகவே இருந்தாராம். அப்படியானால் இந்த மலை முழுக்கத் தேயிலை நட்டது யார், வெள்ளைக்காரனின் மாமியாரா? கடைசியில் தலைவரே கோட்டை மாட்டிக்கொள்ள, மற்றவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கூலிகளானார்கள்.

பெண்கள் தலை நிறையப் பூவோடு, தீபாவளிச் சேலையில் வந்து நின்றார்கள். "கிழிஞ்சத கட்டிக்கிட்டு வரச் சொன்னேனே!" என்று தலைவர் குதித்தார்.

"கிழிஞ்சத கட்டிக்கிட்டு யாராச்சும் போட்டோவுக்கு நிப்பாங்களா?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்விதானே!

நான் கைக்கடிகாரங்களைக் கழற்ற வைத்தேன். இடுப்பில் செருகிய போன்களைப் பிடுங்கினேன். கடல் கடந்து வந்த மூட்டை ஒன்றை அவிழ்த்தால், கனமாகத் தெரியட்டும் என்று உள்ளே ரைஸ் குக்கரை வைத்துக் கட்டியிருந்தார்கள். பின்னால் தெரிந்த லயத்தின் கூரையில் டிஷ் அன்டெனாக்களை மட்டும் சாக்குப் போட்டு மூடினோம். அந்த வரிசை வீடுகளைப் பழசாக்க வேறொன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை.

ஆனால் மைதானத்து நடுவில் கட்டியிருந்த குடிசையைக் குறை சொல்ல முடியாது. நல்ல மரத்தில் கால் நட்டு, மண் பூசிய சுவர் எழுப்பி, மேலே இலுக்குப் புல் வேய்ந்திருந்தார்கள். மழை வந்தால் பெரிய ஐயாவை உள்ளே உட்கார வைக்க வேண்டும் என்பதற்காகப் புல்லுக்கு அடியில் தடித்த தார்ப்பாய் ஒன்றை ஒளித்து விரித்திருந்தார்கள். ஐயா நனைந்துவிட்டால் வரலாறே நனைந்துவிடும் அல்லவா?

அந்தக் குடிசையில் அடுப்பு மூட்டும் தாயாக நடிக்க ஓர் அக்கா வந்தார். தலைவர் சொன்னபடி கிழிந்த சேலையில் வந்தவர் அவர் ஒருவர்தான். மண் சரிந்து அவருடைய வீடு போனபோது, தற்காலிகம் என்று சொல்லி அவரையும் பிள்ளைகளையும் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் விட்டிருந்தார்கள். தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. தற்காலிகம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

"தலைவரே, ஐயாகிட்ட வீட்டப் பத்தி ரெண்டு வார்த்தை பேச விடுவீங்கல்ல?" என்று அக்கா கேட்டார். அதற்காகத்தான் அவர் நடிக்கவே ஒத்துக்கொண்டார்.

"பேசலாம், பேசலாம். மொதல்ல ஒழுங்கா நடிம்மா."

பெரிய ஐயா வந்து சேர்ந்தார். ஊர்வலம் புறப்பட்டது. தலைவர் ஒரு கையில் குடையும் மறு கையில் மைக்குமாகக் கூலிகளை அதட்டிக்கொண்டே, அவர்கள் பட்ட துயரத்தையும் விளக்கினார். அப்படியொரு கங்காணியை எந்த வெள்ளைக்காரனும் பார்த்திருக்க மாட்டான்.

ஊர்வலம் குடிசையடியில் வந்து நின்றது. பெரிய ஐயா குனிந்து உள்ளே பார்த்தார். அக்கா அடுப்பை விட்டு எழுந்தார். நான் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தேன்.

"ஐயா, எனக்கும் என் புள்ளைகளுக்கும் இருக்க எடமில்லைங்க. மண்ணு வந்து வீட்ட மூடிருச்சு. ஒழுகுற கொட்டில்ல கெடக்கோம். மழை பேஞ்சா விடியிற வரைக்கும் உக்காந்தே இருக்கோம். நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

பெரிய ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு கைதட்டினார். அவர் தட்டியதும் மைதானமே தட்டியது.

"இல்லீங்கய்யா, நெசமாத்தான் சொல்றேன்" என்றார் அக்கா. அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"அப்பப்பா, என்ன நடிப்பு! அந்தக் காலத்தில் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்" என்றார் ஐயா. உடனே ஒரு பொன்னாடை வந்தது. அவரே அதை அக்காவின் தோளில் போட்டார். மினுமினுக்கும் அந்தத் துணியை அக்கா விரலால் தடவிப் பார்த்தார்.

"இது குளிருக்குத் தாங்காதுங்களே" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஐயா, அவங்க நடிக்கலைங்க, உண்மையத்தான் சொல்றாங்க!" என்று கத்தினேன். தலைவர் சட்டென்று மைக்கின் சத்தத்தைக் கூட்டி நன்றியுரையை ஆரம்பித்தார். நன்றியுரை முடிவதற்குள் ஐயா வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் வாடகைக்கு எடுத்தது. அதைக் கழற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு தலைவர் குடிசைக்குப் போனார். நானும் கூடவே போனேன். உள்ளே அக்கா இருந்தார். அவருடைய பிள்ளைகள் பாயில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சட்டி, பானை, துணி மூட்டை எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. பொன்னாடை வாசலில் திரையாகத் தொங்கியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"என்னம்மா இது? நாடகந்தான் முடிஞ்சிருச்சுல்ல. வெளிய வா" என்றார் தலைவர்.

அக்கா எழுந்திருக்கவே இல்லை.

"நான் சொன்னது நெசம்னா எனக்கு வீடு எங்க தலைவரே? நடிப்புன்னா, நான் இன்னும் நடிச்சு முடிக்கல. போங்க."

சொல்லிவிட்டுக் கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டார்.