குதிரைக்கு எத்தனை எம்.எம்.?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கட்டும், அது யானை பாடு. இந்த வாரம் என் கவலையெல்லாம் ஒரு குதிரையைப் பற்றித்தான்.

போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் என் மனைவியின் தம்பி பாண்டி ஒரு பெண் குதிரை வளர்க்கிறான். பெயர் செவலை. ஜீப்பு ஏறாத எஸ்டேட்டுகளுக்கு அரிசி மூட்டையோடு ஏறும், ஏலக்காய் மூட்டையோடு இறங்கும். இப்போது லீவு... பத்து மாசச் சினை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். செவலைக்கோ கொட்டகையிலேயே பயம்! பாண்டி ஆசைஆசையாகப் போட்ட சிமெண்டுத் தரை, ஈரம் பட்டால் வழுக்குகிறது. ஒரு தடவை முன்னங்கால் மடங்கி முட்டி வீங்கிவிட்டது. இன்னொரு தடவை விழுந்து வயிற்றில் அடிபட்டால்?

"ரப்பர் மேட்டு போட்றுவோம் மச்சான். வெரசா கடைக்குப் போன் போடுங்க" என்றான்.

போட்டேன். "எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"கீழ விரிக்கத்தான்" என்றேன். (இதுதான் நான் செய்த முதல் புத்திசாலித்தனம்.)

"எத்தனை எம்.எம்.?"

போனைப் பொத்திக்கொண்டு பாண்டியைப் பார்த்தேன். "எட்டு! போடியில பொறந்துட்டு இதக் கேக்கலாமா மச்சான்?"

அவன் சொன்னதும் சரிதானே? எங்கள் ஊரில் சல்லடையில் எட்டு எம்.எம். நிற்கிற ஏலக்காய்க்குத்தான் ராஜ மரியாதை. அதற்கு மேல் என்ன இருக்கிறது? எட்டே சொன்னேன்.

மேட்டு வந்தது. பளபளப்பு. பாண்டி ஏலக்காயைத் தடவுவது போலவே தடவிப் பார்த்து, "மொத தரம்" என்றான். செவலை ஏறி நின்றது... மேட்டும் நகர்ந்தது! நாலு காலும் நாலு பக்கம். எப்படியோ சுதாரித்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து படுக்கவே இல்லை. மூன்று நாளாக நின்றபடியே! (நின்றபடி கண்ணயர்ந்தாலும், ஆழ்ந்து தூங்கக் குதிரையும் படுத்தாக வேண்டுமே.)

கால்நடை டாக்டரம்மா வந்து மேட்டைக் காலால் புரட்டினார்.

"இது கார்ல செருப்புக் காலுக்குப் போடுறது. குதிரைக்குப் பதினெட்டு எம்.எம்.மாவது வேணும். மேல முண்டு முண்டா இருக்கணும், அடியில தண்ணி வடிய வரி இருக்கணும். ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கணும்."

"பதினெட்டா? ஏலக்காயில அப்படி ஒரு சைஸே கெடையாதே டாக்டரம்மா!" என்றான் பாண்டி.

"நான் குதிரையச் சொல்றேன்ப்பா."

வீங்கின முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த பாண்டியின் மனைவி சரசு நிமிர்ந்தாள். "நெறமாசத்துல எனக்கு ஒரு தலகாணி வாங்கிக் குடுத்தாரா, கேளுங்கண்ணே!"

பாண்டி குனிந்து மேட்டைச் சுருட்ட ஆரம்பித்தான். நானும்தான்.

தெலுங்கில் குதிரை 'குர்ரம்' என்று தெரிந்துகொண்டவன், அப்படியானால் யானை 'அர்ரம்' என்றானாம். அந்தப் பழமொழியைப் பல தடவை இந்தப் பக்கத்தில் எழுதியவன் நான். அந்த ஆள் நான்தான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

புது மேட்டு வந்தது. ஒன்றைத் தூக்கவே ரெண்டு பேர் வேண்டும். செவலை மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது... எடுத்தது... மறுபடி வைத்தது. வழுக்கவில்லை. ஆனால், படுக்கவும் இல்லை.

"படுத்துச்சா மாப்ளே?"

"இல்ல மச்சான்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவை ஏமாந்த கால் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுமா?

இன்று காலை போன். "மச்சான்! செவலை விலாவுல முண்டு முண்டாத் தடம்!"

எனக்கு உயிரே போய்விட்டது. "தடிப்பாடா? டாக்டரம்மாவக் கூப்புடு!"

"அட, மேட்டுத் தடம் மச்சான்! படுத்து எந்திரிச்சிருக்கு!"

குட்டி வரும்வரை என் பயம் போகாது. ஆனாலும் இன்றைக்குக் காப்பி ருசித்தது.

அந்த எட்டு எம்.எம். என்ன ஆச்சு என்கிறீர்களா? சரசு தையல் மிஷினுக்கு அடியில் விரித்துக்கொண்டாள். மொத தரமாம்!