கிணற்றோர மரத்தின் வெள்ளை ரிப்பன்

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. பூ விடும் காலத்தில் தத்துப்பூச்சி வந்தால் பூவெல்லாம் கருகி உதிரும். விஷ மருந்து இல்லாமல், ஒருவகைப் பூஞ்சையை வைத்தே அந்தப் பூச்சியை அழிக்க முடியுமா என்று பார்க்கத் திருப்பதியிலிருந்து ஒரு மேடம் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். சர்க்கார் மூன்று வருஷத்துக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கியிருந்தது. ஆனால் வருஷா வருஷம் டெல்லியில் ஒரு கமிட்டி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருஷத்துக்கு வரும்.

“ஜனங்க பணம் அக்கா. உண்டியல் பணம் மாதிரி,” என்பார். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்த ஒரு பேச்சிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

இருபது மரங்கள். பத்துக்கு அந்தப் பூஞ்சை மருந்து, பத்துக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்று சீட்டுப் போட்டார்.

“நீங்களே எடுங்க அக்கா. நானா பிரிச்சுக் குடுத்தா, நல்ல மரமா பாத்து மருந்து குடுன்னு மனசு சொல்லும்.”

சாமி முன்னால் சீட்டுப் போட்டுக் கேட்பது எங்களுக்குப் புதிதா என்ன? கிழக்கே பார்த்து நின்று, திருச்சானூர் தாயாரை நினைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மருந்துக்கு மஞ்சள் ரிப்பன், தண்ணீருக்கு வெள்ளை. ஏழாம் நம்பருக்கு வெள்ளை விழுந்தது. அது கிணற்றோர மரம். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அதன் முதல் பழங்கள் தாயாருக்குத்தான் போகின்றன. அந்த மரத்துக்கா மருந்து இல்லை?

மறுநாள் மருந்தடிக்க ஆள் வருவதற்கு முன்னால் தோப்புக்குப் போனேன். ஏழாம் மரத்து வெள்ளையை அவிழ்த்து எட்டாம் மரத்தில் கட்டினேன். அதன் மஞ்சளை இங்கே கட்டினேன். தாயாருக்காகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அடிக்க வந்தவர் ரிப்பனைப் பார்த்து அடித்தார். பிறகு ரிப்பன்களை எடுத்துவிட்டார்கள். பூச்சி எண்ணுகிறவருக்கு எந்த மரம் எது என்று தெரியக்கூடாதாம்.

நாலு வாரம் எண்ணி முடித்த பிறகு மேடம் சீட்டுக் கணக்கையும் எண்ணிக்கையையும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தார். முகம் வாடிப் போயிற்று.

“எட்டுல மருந்து அடிச்சும் பூச்சி கொட்டிக் கிடக்கு. ஏழுல வெறும் தண்ணி, ஆனா சுத்தமா இருக்கு. நான் கலந்ததுதான் தப்பு போல. அப்டின்னா இருபது மரமும் வீண். ரெண்டு வாரத்துல கமிட்டி. என்ன சொல்வேன் அக்கா? இதோட நின்னுடும்.”

மோர்ச் சொம்போடு நின்றிருந்தேன். தன்மேல் அவர் பழி போட்டுக்கொண்டதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மோட்டார் போட வந்த என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. “இன்னாமே, தாயாரைக் கும்பிட்டு நீயே சீட்டு எடுத்துட்டு, அப்புறம் அந்தத் தாயாருக்கே தெரியாம மாத்திக்கினு வந்தியா?”

சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் தைத்தது. மரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, தாயார் எடுத்துக் கொடுத்த சீட்டையே அல்லவா தள்ளியிருக்கிறேன்!

மேடம் எழுந்தார். தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்து மோரை வாங்கிக் குடித்தார். பிறகு நோட்டைத் திறந்தார்.

“இதை எழுதணும் அக்கா. மறைக்கக் கூடாது. கணக்குல ரெண்டு மரம் போகும், பதினெட்டு நிக்கும்.” எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார்: “தோட்டக்கார அம்மா பக்தியால் ரிப்பனை மாற்றிவிட்டார்.”

“பக்தின்னு போட வேணாம் மேடம். தப்புன்னு போடுங்க.”

கமிட்டி முடிந்த அன்றே போன் செய்தார். மற்ற மரங்களையும் அந்த அம்மா தொடவில்லை என்று எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டாராம். “இதைச் சொன்னவங்க அதையும் சொல்லியிருப்பாங்கன்னேன் அக்கா. ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷத்துக்கும் பணம் உண்டு.” நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே பூஜை அலமாரி முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

அடுத்த பூவில் புதுச் சீட்டுகளோடு வந்தார். “கிணத்து மரத்தை இந்தத் தடவை விட்டுடலாமா அக்கா?”

“வேணாம் மேடம். அதையும் சேருங்க.”

கிழக்கே பார்த்து நின்று எடுத்தேன். ஏழுக்கு மறுபடியும் வெள்ளை. அந்த ரிப்பனை நானே வாங்கிப் போய்க் கட்டினேன். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் அதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

“முடிச்சு கெட்டியாத்தான் கீது,” என்றார். “காலைல வந்து நானும் ஒரு வாட்டி பாத்துக்கினு போறேன்.”