முதல் பந்தியில் என் மகள்

எங்கள் குன்றாண்டார்கோவில் பக்கம் கறி விருந்து என்றால் முதல் பந்தி ஆண்களுக்குத்தான். என் தங்கை மகன் காதுகுத்தில் பந்தியைக் கவனித்தவன் நான்.

என் மகள் திருச்சியில் நர்ஸ். இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் டூட்டிக்குப் போக முடியும். அதனால் முதல் பந்தியில் தன் தம்பிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அத்தனை பேர் முன்னாலும், "எந்திரி ஆத்தா, ஆம்பளைங்க சாப்புடட்டும்" என்று எழுப்பிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

கல்லூரியில் படிக்கும் என் மகனும் கூடவே எழுந்தான்.

"என்ன மாப்ள, பொம்பளைங்க பந்தியில ஒக்காரப் போறியா?" என்று தங்கை வீட்டுக்காரர் கேலி பேச, பந்தியே சிரித்தது.

"ஆமா மாமா. எனக்கு ஒரு சோலியும் இல்ல, அக்காவுக்குத்தான் பஸ்ஸு" என்றவன் என்னிடம் திரும்பினான். "பெரியப்பா மகனும் அதே பஸ்ஸுக்குத்தானப்பா போறாரு? அவருக்கு மட்டும் நீங்களே கூப்புட்டு எலை போட்டீங்க?"

உண்மைதான். அண்ணன் மகன் என் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இங்கிட்டு வா ஆத்தா" என்று மகளை அதே இலையில் உட்கார வைத்து, கறியை நானே அள்ளி வைத்தேன்.

"போதும்ப்பா, பஸ்ஸு போயிரும்!" என்று சிரித்தாள்.

கடைசிப் பந்தியில் தன் அம்மாவோடு உட்கார்ந்த என் மகனுக்குக் கறி தீர்ந்து வெறும் குழம்புதான் கிடைத்தது. அதை அவன் ருசித்துச் சாப்பிட்டான். அவன் வயதில் நான், என் அக்கா சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று, இவனைப் பெற்றவன் என்ற பெருமையோடு அவன் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.