சின்னப்பன் அண்ணனின் நாலு பாட்டுக் கேசட்

போன மாதம் மலாக்காவில், புக்கிட் ரம்பாய் கடையில் முட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன், பிடித்துக்கொண்டது மழை. காருக்கு ஓடுவதற்குள் முட்டை அட்டை நனைந்துவிட்டது. கதவைச் சாத்தியதும் உள்ளே ஒரு வாசனை. ஈரக் காகிதமும் பழைய பசையும் கலந்த மாதிரி. உங்களுக்கு அது மளிகைக் கடையை நினைவுபடுத்தலாம். எனக்கு அது ரெக்கார்டிங் ஸ்டூடியோ வாசனை.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில் நான் பார்த்த ஒரே ஸ்டூடியோவின் சுவர் முழுக்க முட்டை அட்டைதான் ஒட்டியிருந்தது. எதிரொலி வராமல் இருக்கவாம். கடைவீட்டு மாடி, கூரை ஒழுகும். பலத்த மழை வந்தால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு ஸ்டூடியோக்காரச் சீன அங்கிள் கீழே காப்பி குடிக்கப் போய்விடுவார். நாங்கள் மேலே உட்கார்ந்து அட்டை வாசனையை முகர்ந்துகொண்டிருப்போம்.

அங்கே என்னை அழைத்துப் போனவர் சின்னப்பன் அண்ணன். டவுனுக்கு வெளியே செங் என்ற இடத்தில் நான் ஷிப்டு வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆனால் யாரும் அவரை ஃபோர்க்லிஃப்ட் சின்னப்பன் என்று சொன்னதில்லை, ராக் சின்னப்பன்தான். எழுபதுகளில் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டங்களில் தோள் வரை முடி வளர்த்து, எலெக்ட்ரிக் கித்தாரோடு மேடை ஏறியவர். அவர் முதல் கம்பியை இழுத்ததும் தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார் என்று எங்கள் அப்பா இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணனுக்கு முடி போயிருந்தது, கித்தார் இருந்தது.

சனி ஞாயிறுகளில் அவருடைய குழு கல்யாண டின்னர்களில் வாசிக்கும். நம் ஊர் டின்னர்களில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பாடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் மாமா வருவார், பெண்ணின் முதலாளி வருவார். விருந்தாளி மைக்கைப் பிடித்த அந்த நொடியில் குழுவினர் அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, சத்தத்தைக் குறைக்க வேண்டும். மாமா எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறாரோ அதுதான் அன்றைக்குச் சுருதி. நடுவில் அவர் சரணத்தை மறந்தால் பல்லவிக்குத் திரும்பி, அவர் மறக்கவே இல்லை என்பது போல வாசிக்க வேண்டும். சின்னப்பன் அண்ணன் இதில் கைதேர்ந்தவர். எத்தனையோ மாமாக்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை. சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட நாலு பாட்டைக் கேசட்டாகப் போட வேண்டும். நாலே நாலு, பக்கத்துக்கு இரண்டு. கூடவே சில விருந்தாளிக் கலைஞர்களும் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார்.

முதல் விருந்தாளி ரத்னம் டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். பியானோ வாசிக்கத்தான் அண்ணன் அவரைக் கூப்பிட்டார். டீச்சர் கைப்பையைக் கீழே வைப்பதற்குள், "டீச்சர், இத நீங்க பாடினா நல்லாருக்கும், நான் பின்னால நின்னுக்கிறேன்," என்று முதல் பாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் விருந்தாளி உறுமி மேளம் முனியாண்டி. அவருக்கு இரண்டாம் பாட்டு போயிற்று. மனிதர் தீமிதிக்கு அழைப்பது போலவே பாடினார். ராக்குக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு தொடங்கும் முன் தம் கோயில் பெயரையும் குழுப் பெயரையும் முழங்காமல் உறுமியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். அதுவும் கேசட்டில் ஏறியது.

மூன்றாவது பாட்டு எனக்கு. கோரஸ் பாடத்தான் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்த அனுபவம் மட்டும்தான் என் தகுதி. "தங்கச்சி, நீ பாடேன்லா," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்து, பவுடர் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். டேப்பில் சேலை தெரியாது என்பது மைக் முன்னால் நின்ற பிறகுதான் உறைத்தது.

நாங்கள் மூவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். எங்கள் மிதப்பைக் கலைத்தவர் அண்ணன் மனைவி லூர்து அக்கா. அவர்கள் வீட்டு அடுப்படியில் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே சொன்னார்: "சொந்தக் குரல்ல ஒரு பாட்டாவது பதிஞ்சிடணும், அதுக்குத்தான் இந்தக் கேசட்டேன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றாரு. இப்பப் பாரு. ஊருக்கெல்லாம் பந்தி வெச்சிட்டு அவரு பட்டினி நிக்கிறாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதிக் கேசட்டுக்கு மேல் முடிந்துவிட்டது, அதில் அவர் குரல் ஒரு வரிகூட இல்லை. இனி ஒரே ஒரு பாட்டுதான் மீதி. அது தோட்டத்து மழையைப் பற்றியது. மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, வேலைக்கு விரட்டுகிற மண்டோரும் வரமாட்டார், அந்தச் சந்தோஷம்.

*மழையே மழையே இன்னும் பெய்யி*
*மண்டோருக்கு வழி மறையட்டும்*

இதையாவது அவர் பாடுவார் என்று பார்த்தால், கோலாலம்பூரிலிருந்து ஒரு பிரபலப் பாடகர் வருகிறார் என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

குறித்த நாளில் எல்லோரும் கூடிவிட்டோம். லூர்து அக்கா ஒரு பெரிய டிப்பனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக் கொண்டுவந்திருந்தார். பாடகரைக் காணோம். மத்தியானம் போன் வந்தது. அவருக்கு ஈப்போவில் திடீர் நிகழ்ச்சியாம்.

"பரவால்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம். பெரிய ஆளு, அவருக்கு ஆயிரம் வேல இருக்கும்," என்று அண்ணன் கித்தாரைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

லூர்து அக்கா டிப்பனைப் படாரென்று மூடினார். ரத்னம் டீச்சர்தான் பியானோவிலிருந்து திரும்பிப் பார்த்தார். வகுப்பில் பேசுகிற பையனைப் பார்க்கிற அதே பார்வை.

"ஏன் மற்ற ஆளைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீர், சின்னப்பன்? நீர் பாடும். இண்டைக்கு நாங்கள் பின்னுக்கு நிக்கிறம்."

"தொண்ட சரியில்ல டீச்சர்..."

"என் தொண்டைக்கு அறுபது வயசு தாண்டிட்டுது. நான் பாடேல்லையே?"

முனியாண்டி உறுமியை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் அங்கிள் கட்டை விரலைக் காட்டினார். அண்ணனுக்கு வேறு வழியில்லை.

பாடினார். கரகரத்த குரல், அங்கங்கே தட்டியது. ஆனால் அந்தப் பல்லவியில் நனைந்த ரப்பர் இலையும், வேலை இல்லாத காலையும், கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற சுகமும் அப்படியே இருந்தன. பல்லவி முடிந்தது. சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் மனிதர் மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போய், சத்தத்தைக் குறைத்து, பக்கவாட்டில் பார்த்தார். யாராவது வந்து பாடுவார்களாம்!

எனக்கு வாய் துறுதுறுத்தது. சரணம் மனப்பாடம். ஆனால் லூர்து அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். முனியாண்டி தாளத்தை விடாமல் மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார். டீச்சர் அந்தச் சின்னத் துண்டையே திரும்பத் திரும்ப வாசித்தார். யாரும் நகரவில்லை. அண்ணன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில், வேண்டாவெறுப்பாக என்றுதான் சொல்ல வேண்டும், மைக்குக்குத் திரும்பினார். அப்புறம் பாடிய பாட்டைக் கேட்டு லூர்து அக்கா அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பவுடர் போனது.

நடுவிலிருந்த அந்த இடைவெளியை வெட்டிவிடலாம் என்றார் அங்கிள். "அது இருக்கட்டும்," என்றார் டீச்சர். இருந்தது.

கேசட் வந்தது. பத்துப் பன்னிரண்டு பாட்டுக் கேட்டுப் பழகிய சனம், "என்னாண்ணே, பாதியிலயே நின்னு போச்சு, டேப் கோளாறா?" என்று திருப்பிக் கொண்டுவந்தது. அண்ணன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். எங்கள் தொழிற்சாலை பஸ் டிரைவர் மட்டும் விளக்கம் கேட்கவில்லை. காலை ஷிப்டுக்குப் போகும்போது மழைப் பாட்டைப் போட்டுவிடுவார். பஸ்ஸே பாடும். என் பாட்டைப் போடுங்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, போகட்டும்.

இப்போது அந்த ஸ்டூடியோ இல்லை. மாடியில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. டின்னர்களில் ஒரு லேப்டாப்பே முழுக் குழுவும். மாமாக்கள் அதன் சுருதிக்குப் பாட முடியாமல் வியர்த்து வழிகிறார்கள். சின்னப்பன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேசட் வந்த வருஷம் லூபோக் சீனாவில் ஒரு கல்யாண டின்னர். வழக்கம்போல அண்ணன் கித்தாரோடு மேடையில் நின்றார். கூட்டத்திலிருந்து யாரோ மழைப் பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள், அப்புறம் மண்டபமே கத்தியது. அறிவிப்பாளர் மைக்கைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். உடனே டிரம்ஸ்காரர் கையை அடக்கினார், கீபோர்டுக்காரப் பையன் சத்தத்தைக் குறைத்தான், குழுவினர் எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அதைப் பார்த்த சின்னப்பன் அண்ணன், யாரோ பெரிய பாடகர் வருகிறார் என்று நினைத்து, அவரும் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.