தாலாட்டில் வந்த மாமன் ஊர்

என் மகளுக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கண் திறந்தாள், கஞ்சி குடித்தாள், பேச்சு மட்டும் வரவில்லை. பத்தொன்பது வயது. கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போனவள் கம்பம் சாலையில் சறுக்கி விழுந்துவிட்டாள்.

தேனி மருத்துவமனையில் அவள் காதருகே பேசிக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளைப் போனில் போட்டேன். கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

அன்று மத்தியானம், எங்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா பார்க்க வந்தார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அலுவலகம் போய்விடுவேன். பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். பந்தலைத் தாங்கும் கல்தூண்களில் சேலைத் தொட்டில் கட்டி, அதை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்க் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்வார்.

"ஏ ஆத்தா, என்னயக்கூடப் பாக்க மாட்டியா?" என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தவர், மெல்லிய குரலில் தாலாட்டு எடுத்தார். மாமன் வண்டி கட்டி வருகிறான், வெள்ளிக் கொலுசு கொண்டு வருகிறான் என்று போகும் பாட்டு. இரண்டாம் சுற்றில் மகளின் உதடு அசைந்தது. முனகல் மெல்ல ராகமானது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் என் முதுகைத் தடவினார். சந்தோஷம்தான். ஆனால் மகளின் விரல்கள் அந்த அக்காவின் கையைப் பிடித்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளும் வந்து பாடினார். அப்போதுதான் சொற்களைக் கவனித்தேன். மாமன் சுருளிப்பட்டியிலிருந்து வந்தான்.

எங்கள் பக்கம் தாய் தன் பிறந்த வீட்டைத்தான் தாலாட்டில் பாடுவாள். தன் அண்ணன் தம்பி கொண்டுவரும் சீரைச் சொல்லிச் சொல்லியே பிள்ளையைத் தூங்க வைப்பாள். எந்த ஊர் மாமன் வருகிறானோ, அந்த ஊர்க்காரிதான் தாய். என் அண்ணன் இருப்பது அனுமந்தன்பட்டியில்.

வராந்தாவில் வைத்துக் கேட்டுவிட்டேன். "ஏன்க்கா, எங்க அண்ணன் அனுமந்தன்பட்டியில இருக்காகல்ல? அவுகளப் பாடக் கூடாதா?"

"என் வாயில எங்க ஊருதான தாயி வரும்?" என்றவர் சிரித்தார். "ஒங்கண்ணன் ஒரு நாளு வந்து தொட்டிய ஆட்டுனாகளா? வந்திருந்தா பாடியிருப்பேன்ல."

சுருக்கென்றது. என்னைத்தான் சொன்னார் என்று பட்டது. ஒருவேளை அவர் அண்ணனை மட்டுமே நினைத்துச் சொல்லியிருக்கவும் கூடும்.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அந்தப் பாட்டைச் சொல்லித்தரும்படி அக்காவிடம் கேட்டேன். "இனி நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க தோட்டத்தப் பாருங்க" என்றேன். சின்னத்தனம் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "ஒங்க ஊரையே வச்சுப் பாடுங்க" என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

மகள் அதற்குள் ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கியிருந்தாள். என்னிடம் "தண்ணி", "போதும்". அந்த அக்காவிடம் "வா", "இரு".

ஒரு காலையில் அவள் கால் நகங்களை வெட்டிவிட்டுக்கொண்டே பாடினேன். அனுமந்தன்பட்டி அந்த ராகத்துக்குள் அடங்கவில்லை, மூச்சு முட்டியது. மகள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, தப்பு. சுருளிப்பட்டி."

விபத்துக்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதுவும் அந்த ஊரைத் திருத்துவதற்காக.

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். மாமனைச் சுருளிப்பட்டியிலிருந்தே வரவைத்தேன். கொலுசு வரும் இடத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள். அந்த ஊர்ப் பெயர் என் தொண்டையில் இன்னும் முள்ளாகத்தான் நிற்கிறது. தினமும் பாடுகிறேன்.