இடது ஓரத்தில் எம்.ஜே.

முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடிதம் போட்டு, 'ஐயா, வேலை இருக்கிறதா' என்று கேட்பதும் ஒரு தொழில்தான், சம்பளம்தான் கிடையாது. நல்ல தாள், இரண்டு விரல் மார்ஜின், மடிப்புக் கலையாத பயோடேட்டா, பதில் போட நம் விலாசமே எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர். இத்தனையும் செய்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்கு இந்த நேரம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெங்களூர் ரோட்டில் ஒரு சுவிட்ச் கம்பெனி. அங்கே பர்சனல் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். என் கணவர் அருளுக்கு, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில் ஒரு காலை, கம்பெனியை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை அடித்தது நான் இல்லை. வெளியில் கொடுத்து அடித்திருந்தார்கள். எனக்கு அடிக்கக் கொடுக்காத காகிதம் ஒன்று அந்தக் கம்பெனியில் இருந்ததென்றால், அது அதுதான்.

அண்ணி கொண்டுவந்த கவுன்கள்

எங்கள் ஸ்டெல்லாவுக்கு ஒன்றேகால் வயது. செய்யாற்றில் இருக்கும் என் நாத்தனாருக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, பதினோரு வருஷமாகக் குழந்தை இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வேலை போன செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டார். நல்லவர்தான். வந்தவுடன் ஸ்டெல்லாவைத் தூக்கி விலா எலும்பைத் தடவிப் பார்த்தார். பால் டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி வைத்தார்.

பிறகு பையிலிருந்து மூன்று கவுன் எடுத்தார். அழகான கவுன்கள். போட்டுப் பார்த்தால் தரையில் புரண்டன. மூன்று வயசுக் குழந்தைக்குத் தைத்தவை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கவுனை மடித்துக்கொண்டே சொன்னார்: "செப்டம்பர் மாதா திருநாள் வரைக்கும் பாருங்க. ஒண்ணும் அமையலன்னா பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். கொஞ்ச நாளைக்குத்தான், ஜோஸ்பின்."

கோப்பு

என் கடிதங்கள் போய்ச் சேரும் இடம் எது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. வேலை கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் அடிப்பதுதான் என் பழைய வேலையே. 'தற்போது காலியிடம் இல்லை. தங்கள் விண்ணப்பம் எங்கள் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது.' கீழே மேனேஜர் கையெழுத்து. இடது ஓரத்தில் சின்னதாக, அடித்தது யார் என்பதற்கு என் இனிஷியலும் பெயரின் முதலெழுத்தும்: எம்.ஜே. கான்வென்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஒரு எழுத்து தவறினாலும் முழுத் தாளையும் மறுபடி அடிக்க வைப்பார். அந்தப் பழக்கத்தில், யாருக்கோ 'இல்லை' என்று சொல்வதைக்கூட சுத்தமாக அடித்தேன்.

கோப்பு என்றால், பீரோவுக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி. அது நிரம்பியதும் காகிதங்களை நாலாகக் கிழித்து, வெற்றுப் பின்பக்கத்தில் கான்டீன் சீட்டு எழுதுவோம். ஒருநாள் மனசு கேட்காமல், இப்படிச் செய்யலாமா என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டேன். அவர் பேனாவைக்கூட மூடாமல் சொன்னார்: "வெச்சிருக்கோம்னுதானேம்மா எழுதறோம். எடுத்துப் பார்ப்போம்னு எழுதறோமா?"

என் கையெழுத்தே எனக்கு

தெரிந்தும் எழுதினேன். ஒரகடம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பெனிப் பலகைகளைப் பார்த்து உள்ளங்கையில் குறித்துக்கொள்வேன். எங்கள் சர்ச் பங்குச் சாமியார் ஆபீஸ் டைப் மெஷினில், அவர் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் அடிப்பேன். பதில் கவரில் என் விலாசத்தை நானே எழுதியிருப்பதால், வருகிற பதில் எல்லாம் என் கையெழுத்திலேயே வரும். உள்ளே எப்போதும் அதே வாக்கியம், கோப்பில் வைக்கப்பட்டுள்ளது. சில கவர்களுக்குள் என் கடிதமே மடித்த மடிப்பில் இருக்கும்.

ஒருநாள் மூன்று சேர்ந்து வந்தன. மூன்றிலும் ஒரே கையெழுத்து. எங்கள் தெரு போஸ்ட்மேன் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கேட்டார்: "இன்னாம்மா, உனக்கு நீயே இத்தினி லெட்டர் போட்டுக்கினு கீறியே, வூட்ல பேச ஆள் இல்லியா?"

பயோடேட்டாவில் இல்லாதது

ஆகஸ்டில், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்று நேரில் வரச் சொன்னது. அன்றைக்கென்று அருள் லோடிங் வேலை கேட்டு அம்பத்தூர் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வேறு வழியில்லை, ஸ்டெல்லாவை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். நாற்காலியில் இருந்தவருக்கு என் இங்கிலீஷ் பிடித்திருந்தது. கடிதத்தை இரண்டு தரம் படித்ததாகச் சொன்னார். வேகம் எவ்வளவு, ஷார்ட்ஹேண்ட் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் பயோடேட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. இவளப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்லையேம்மா?"

வேலை அமையாமல் திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பெரிய கவுன்கள் ஞாபகம் வந்தன. கொஞ்ச நாளைக்குத்தானே என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஸ்டெல்லா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டில் இன்னொருவர்

பதில் வராத கம்பெனிகளுக்கு நேரில் போய் மேனேஜர் பேரையாவது கேட்டு வருவது என்று ஆரம்பித்தேன். ஒரகடம் ரோட்டில் ஒரு கேட். எனக்கு முன்னால் ஒருவர், ஃபைலை நெற்றிக்கு மேலே பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். "சாரு, கொஞ்சம் தள்ளி நில்லு, லாரி வருது" என்று வாட்ச்மேன் கையைப் பிடித்து நகர்த்தினார். ஃபைல் கீழே இறங்கியது. எங்கள் மேனேஜர்.

பழக்கத்தில் 'குட் மார்னிங் சார்' என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நான் இங்க வந்தது அருளுக்குக்கூடத் தெரிய வேணாம். உனக்கு எங்கயாவது கிடைச்சா மட்டும் எனக்கு ஒரு கார்டு போடும்மா."

மூன்று பழைய கடிதங்கள்

மாதா திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முதல் தடவையாக என் கையெழுத்தில் இல்லாத கவர் ஒன்று வந்தது. கம்பெனிக் கவர், டைப் அடித்த விலாசம். போனேன். இந்த முறை அருள் குழந்தையோடு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றார். பர்சனல் ஆபீசருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மேஜையில் என் கடிதம் இருந்தது. அதற்குப் பக்கத்தில், மடிப்பில் நைந்துபோன மூன்று தாள். மேலே எங்கள் பழைய கம்பெனியின் பேர் அச்சடித்திருந்தது. அவர் இடது ஓரத்தில் விரல் வைத்தார். "இந்த எம்.ஜே. நீங்கதானா?"

திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஆமாம் என்றேன். படித்து முடித்து ரெண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்ததாகவும், அப்போது எங்கள் கம்பெனிக்கு எழுதிப் போட்டதற்கு வந்த பதில்கள்தான் இவை என்றும் சொன்னார். இந்தக் கடிதங்களை நம்பி, இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு கேட்டார்: "நெஜமாவே ஃபைல் இருந்துதா?"

இருந்தது என்று சொன்னால் வேலை கிடைக்குமா, இல்லை என்று சொன்னால் கிடைக்குமா என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே ஸ்டெல்லா அழுகிற சத்தம் கேட்டது. "அட்டைப்பெட்டி இருந்தது சார். அப்புறம் கிழிச்சிடுவோம்" என்றேன்.

அவர் மூன்று தாளையும் பழைய மடிப்பிலேயே மடித்து டிராயரில் வைத்தார். "மூணு லெட்டர்லயும் ஒரு தப்பு கூட இல்ல. இங்க இருக்கற பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்கு. மூணு மாசம் வந்து அடிங்க."

திருநாள்

அண்ணி சொன்னபடி வந்தார். பகலில் அருள் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், சாயங்காலம் நான் வந்ததும் அவர் லோடிங்குக்குப் போவார் என்று சொன்னேன். ஸ்டெல்லாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். போகும்போது கவுன்களை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை: "இங்கயே இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சு அளவு கொஞ்சம் கிட்ட வந்துடும்."

புது ஆபீஸிலும் எனக்கு அதே வாக்கியம்தான், அதே கோப்புதான். ஆனால் யாருக்கு 'இல்லை' என்று அடித்தாலும் இடது ஓரத்து எம்.ஜே.யை மட்டும் இப்போது கொஞ்சம் அழுத்தியே அடிக்கிறேன், டிசம்பரில் அவர்களில் யார் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்குமோ.