ஆறாவது தலை

எனக்குப் பிள்ளைகள் நான்கு. ஆனால் யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் மூன்று என்றுதான் பதில் வரும். பதில் சொல்கிறவர் என் நாத்தனார். சின்ன வயதிலேயே கணவரைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். "ஒரு பொண்ணு, ரெண்டு பையன். ஆண்டவன் புண்ணியத்துல போதும்" என்று வந்தவர்களிடம் சொல்லுவார். நான் பக்கத்தில் நின்று அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கணக்கில் வராதவள் என் இரண்டாவது பெண். கொல்லைக்கட்டில் உரமூட்டை அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். புத்தி நிதானமாக வருகிற பிள்ளை. ஒன்பது வயதாகியும் நான்கைந்து சொல்தான் பேசுவாள். வாயோரம் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். பருப்புச்சோற்றைக் குழையப் பிசைந்து உருண்டையாக ஊட்டினால்தான் உள்ளே இறங்கும். அதில் ஒரு கடுகு தட்டுப்பட்டாலும் வாயில் இருந்ததெல்லாம் என் மடிக்கு வந்துவிடும். பாவாடை நாடாவை முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவிழ்த்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் கோபம் எங்கே வரும்?

பெரிய பயம் தண்ணீர்தான். ஆற்றில் தண்ணீர் விட்டு, எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வரும்போது ஊரே சூடம் கொளுத்திக் கும்பிடும். நானும் கும்பிடுவேன், வேண்டுதல்தான் வேறு. தண்ணீரைக் கண்டால் அவள் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவாள், ஆழம் தெரியாது. அதனால் தண்ணீர் வந்த நாள் முதல் அறுப்பு முடியும்வரை அறைக்கு வெளியே தாழ்ப்பாள். அறுப்பு முடிந்தபிறகு வெயில் என்று சொல்லித் தாழ்ப்பாள். எங்கள் வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அவள் குணமாக வேண்டும் என்று வேண்டுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் வாசல் வழியாக வெளியே போக வேண்டும், எதிரே வருகிறவர்கள் கேட்டால் 'என் பொண்ணு' என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்கு விளக்குப் போட்டு இதையே கேட்டேன். சுவாமி எந்த வழியாக வருவார் என்று நமக்குத் தெரியாது. என் விஷயத்தில் அவர் சட்டசபை வழியாக வந்தார்.

என் வீட்டுக்காரர் ஆளும் கட்சிக்காரர். கட்சி ஜெயித்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்து, தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அதே கட்சிதான் நில உச்சவரம்பைக் குறைத்தது. அதன்பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் யாரும் பாயசம் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் கணக்குப்பிள்ளை வந்து விவரம் சொன்னார்.

"பதினஞ்சு ஏக்கர்தாங்க வெச்சுக்கலாம். குடும்பத்துல அஞ்சு பேருக்கு மேல இருந்தா, மேல இருக்கற ஒவ்வொரு தலைக்கும் அஞ்சு ஏக்கர் சேத்து வெச்சுக்கலாம். உங்க வீட்டுல நீங்க, அம்மா, மூணு புள்ளைங்க. அளந்து வெச்ச மாதிரி அஞ்சு. அந்த வாய்க்காங்கரை அஞ்சு ஏக்கரு போனதுதான்."

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா கொல்லைப்பக்கம் பார்த்தார். அங்கே என் பெண் தட்டைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், தொழுவத்தில் இன்னொரு கன்று இருக்கிறது என்று சொல்வதுபோல.

"இன்னொண்ணுன்னா?"

"பொண்ணு."

கணக்குப்பிள்ளை வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்தார். "அட, இத்தினி வருசமா ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே" என்றார் நாத்தனார்.

தலைக்கணக்கை விசாரிக்க நில ஆபீசர் வருவதற்கு முன்னால் ஊரில் நாலுபேர் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளை யோசனை சொன்னார். மறுநாளே புதுப்பாவாடை வந்தது, ரிப்பன் வந்தது. நாத்தனார் தன் கையாலேயே அவளுக்குத் தலைவாரிவிட்டார். அவள் சீப்பைப் பிடுங்கி எறிந்தபோதுகூட, "பரவால்லடி தங்கம்" என்றார். அந்த 'தங்கம்' அவளுக்கு என்று நினைத்து ஒரு நிமிஷம் நான் உருகிப்போனேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் வாசல் வழியாகக் கோவிலுக்குப் போனோம். நான் கேட்டது அப்படியே நடந்தது. ஆனால் கையைப் பிடித்திருந்தது நாத்தனார், நான் தேங்காய்த்தட்டோடு பின்னால் போனேன். பிள்ளையார் சந்நிதி மணியைக் கண்டதும் என் பெண் அதன் கயிற்றை விடவே இல்லை. தீபாராதனை முடிந்தும் மணி நிற்கவில்லை. குருக்கள் காதைப் பொத்திக்கொண்டு விபூதி கொடுத்தார். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் கிட்டே வந்து, "யாருக்கா இது?" என்று கேட்டார்.

"என் தம்பி மவ."

"மூணுன்னுல்ல சொல்லுவீங்க?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிள்ளையை இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்தோம் என்று சந்நிதியில் நின்று எப்படிச் சொல்வது? "இவ அம்மாவப் பெத்தவங்க ஊரு திருத்துறைப்பூண்டியில்ல, அங்க வளந்துச்சு. இப்பத்தான் கூட்டியாந்தோம்" என்றார். கௌரவம் தப்பியது. ஏக்கர்தான் மாட்டிக்கொண்டது.

ஊரில் அப்போது செங்கொடிச் சங்கத்தார் உபரி நிலம் கேட்டு வரப்பெல்லாம் கொடி நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். சேற்றில் நின்றது அவர்கள், பத்தாயத்தில் நெல் நின்றது எங்களுக்கு. திருத்துறைப்பூண்டிக் கதை டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு கதையாகியிருந்தது. "பெரிய வீட்டுல அஞ்சு ஏக்கருக்கு ஒரு புள்ளய வாடகைக்கு எடுத்திருக்காங்களாம். அறுப்பு முடிஞ்சதும் திருப்பி வுட்டுருவாங்களாம்." என் பையன்கள் கேட்டுவந்து சொன்னார்கள். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பெற்றவள் நான் இருக்க, என் பிள்ளை வாடகைப்பிள்ளை ஆகிவிட்டாள்.

விசாரணை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்தது. வீட்டில் இருந்தபடியே ஒன்பது வயதான என் மகள் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தது அன்றுதான். ஆபீசர் எதிரே ஒருபக்கம் நாங்கள், மறுபக்கம் சங்கத்தார். சங்கத் தலைவர் எங்கள் வயலில் வேலை பார்த்தவர்தான். எழுந்து பேசினார்.

"சார், நாங்க இந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்க. இவங்களுக்கு மூணு புள்ளைங்க. இவரு அக்கா வாயாலயே கேட்டுருக்கோம். இது வெளியூர்ப் புள்ள சார். அதயும் அந்தம்மாதான் சொன்னாங்க."

ஆபீசர் என் பெண்ணைக் கூப்பிட்டு, "உங்கப்பா யாரும்மா? காட்டு பாப்போம்" என்றார்.

அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு நல்ல சிரிப்போடு ஆபீசரையே கை காட்டினாள். தாழ்வாரமே சிரித்தது.

"ஏங்க, வீட்டுல வளர்ற பொண்ணுக்கு அப்பாவத் தெரியாதா?" என்று ஆபீசர் கேட்டார்.

தெரியாதுதான். என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் குளிக்க மட்டும்தான் வருவார், தாழ்ப்பாளைத் தாண்டிப் போகமாட்டார். ஆனால் அன்று இவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எம் பொண்ணு சார்! நான் பெத்த பொண்ணு சார் இவ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒன்பது வருஷம் நான் காத்திருந்த சொல். ஐந்து ஏக்கருக்காக வந்தாலும் சொல் சொல்தானே? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சங்கத்தார் பக்கத்திலிருந்து, "நல்லா நடிக்கறாருய்யா" என்று ஒரு குரல் வந்தது.

ஆபீசர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அம்மா, திருத்துறைப்பூண்டியில வளந்துதுன்னு நீங்க சொன்னீங்களா?"

நாத்தனார் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தார். அதற்கு முன்னும் பின்னும் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"சொன்னேன். பொய்யிங்க. இங்கதான் பொறந்தா. என் கையிலதான் வந்து வுழுந்தா. மூத்தவளுக்குச் சம்பந்தம் அமையணுமேன்னு... கொல்லை ரூம்புல வெச்சிருந்தோம்."

சங்கத் தலைவர் சட்டென்று திரும்பினார். "எந்த ரூம்பு? உரமூட்ட ரூம்புக்கு அடுத்ததா?"

நாத்தனார் தலையை ஆட்டினார்.

"நான் மூட்ட எறக்கறப்பல்லாம் உள்ளாற தட்டற சத்தம் கேக்கும். என்னாங்கன்னு கேட்டேன். எலின்னு சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பெண் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதிக்கங்க சார். அந்தப் புள்ள இந்த ஊருதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். ஐந்து ஏக்கர் எங்களிடம் நின்றது. ஜெயித்த எங்கள் பக்கத்தில்தான் ஒருவரும் தலை நிமிரவில்லை.

வீடு வந்து சேர்ந்தோம். நாத்தனார் முகம் கழுவிக்கொண்டார், சாவிக்கொத்தைச் சரி செய்துகொண்டார். பழைய குரல் வந்துவிட்டது.

"அதான் முடிஞ்சுதே. பாவாடைய மாத்திட்டு அவளக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போ. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு."

என் பெண் என் விரலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் சொன்ன எதற்கும் நான் மறுத்துப் பேசியதில்லை. பிள்ளையாரே என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"இல்லீங்க அண்ணி. ஆபீசர் சொல்லாம கொள்ளாம எப்ப வேணா வந்து பாப்பாராம். அப்ப புள்ள வாசல்ல இல்லேன்னா நெலத்த எடுத்துக்குவாங்களாம்."

ஆபீசர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் பக்கத்திலேயே நின்றிருந்த என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். நாத்தனார் அவரைத்தான் பார்த்தார். "அப்படியா தம்பி சொன்னாரு?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஆமாக்கா. சொன்னாரு" என்றார்.

பொய் சொன்னதற்காக நான் சுவாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். மறுநாள் முதல் அவளை வாசலில் உட்கார வைத்துக்கொண்டு நான் அரிசி புடைத்தேன். தண்ணீர்ப் பயம் போய்விடவில்லை. அவள் இடுப்பையும் என் இடுப்பையும் ஒரு பழைய புடவைத் துண்டால் முடிந்துகொண்டு வாய்க்கால்கரைவரை போய்வருவோம். "தாயும் கன்னும் போவுது பாரு" என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்யும். "ஆமாண்டா, எம் பொண்ணு" என்பேன்.

ஆபீசர் மறுபடி வரவே இல்லை. ஆனால் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், நாத்தனார் சமையலறையிலிருந்து ஓடிவந்து அவள் வாயைத் துடைத்து, ரிப்பனைச் சரி செய்து, நேராக உட்கார வைப்பார். பெரும்பாலும் அது ஓட்டுக் கேட்டு வருகிற ஜீப்பாக இருக்கும். என் பெண் எல்லாக் கட்சிக்கும் கையாட்டுவாள். அவர்களும் திருப்பிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.